தெரவும் பால் சேலையும்

போன மாதம் ஒரு மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் அவள். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். கன்னடத்தைப் பரீட்சைக்குப் படித்துத் தேறியவள், கெட்டிக்காரி.

"அக்கா, ஒரு பழைய கன்னடப் பத்திரம் வந்திருக்கு. பொண்ணோட அப்பா தெர வாங்கினார்னு எழுதியிருக்காங்க. போன்ல தேடிப் பார்த்தா பெண்ணின் விலைன்னு காட்டுது. அதையே போட்டுடவா?"

"போடாதே!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கஞ்சி விரலில் பட்டுவிட்டது.

"அப்ப என்னதான் போடறது? ஒரே வரியில சொல்லுங்கக்கா. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்."

ஒரே வரியில் எனக்குச் சொல்ல வரவில்லை. 'தெர' என்று அப்படியே போட்டு, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்கு முறைப்படி செலுத்துவது என்று அடியில் ஒரு குறிப்பு எழுதச் சொன்னேன். அவளுக்கு வேலை முடிந்தது. எனக்கு அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. அந்தச் சொல் எனக்குச் செய்ததை எழுதி வைத்தால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கோர்ட்டுகளில் மாறி மாறி வேலை பார்த்தவள் நான். இந்தப் பக்கத்தில் ஒரே ஆள் மாட்டைத் தெலுங்கில் அதட்டுவார், சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசுவார், பிள்ளையைத் தமிழில் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார். ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டால், பயத்தில் தாய்மொழி மட்டும்தான் வாயில் நிற்கும். அங்கேதான் எனக்கு வேலை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, வக்கீல் தமிழில் கேட்பதைச் சாட்சியின் மொழியில் கேட்க வேண்டும், சாட்சி சொல்வதைத் தமிழில் நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். என் அப்பா தெலுங்கு, அம்மா தளிப் பக்கத்துக் கன்னடம், பள்ளிக்கூடம் தமிழ். எங்கள் வீட்டில் சண்டை எந்த மொழியில் ஆரம்பித்தாலும் அம்மாவின் கன்னடத்தில்தான் முடியும்.

வேலை கற்றுக்கொடுத்தவர் நாராயணப்பா சார், தலைமை மொழிபெயர்ப்பாளர். வெயில் காலத்திலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். யாரையும் திட்டமாட்டார். நாம் தப்பாக மொழிபெயர்த்தால் கையிலிருக்கும் பென்சிலை மேஜையில் வைத்துவிடுவார், அவ்வளவுதான். நாமே தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தும் வரை அந்தப் பென்சில் மேஜையிலேயே கிடக்கும். ஒரு முறை ஒன்றரை நாள் கிடந்தது.

அவர் முதல் நாளே சொன்னது இது. சாட்சி "நான் அடித்தேன்" என்றால் நாமும் "நான் அடித்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "அடித்ததாகச் சொல்கிறார்" என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நமக்குத் தெரிந்தது ஆயிரம் இருந்தாலும், சாட்சி சொல்லாததைச் சொல்லக் கூடாது. சாட்சி கெட்ட வார்த்தை சொன்னால் நாமும் அதைச் சொல்லியாக வேண்டும். முதல் வருஷத்திலேயே நான் வரப்பை வெட்டினேன், அண்ணன் மண்டையை உடைத்தேன், கோழி திருடினேன், இரண்டு கல்யாணம் செய்துகொண்டேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பாள்: "இன்னைக்கு எத்தன பேர வெட்டிட்டு வந்த?"

தெர என்ற சொல் என் கைக்கு வந்தது இரண்டாவது வருஷத்தில். சிறு வயதிலிருந்தே காதில் விழுந்த சொல்தான். அம்மாவின் உறவில் எல்லாக் கல்யாணத்திலும் அது உண்டு. ஆனால் எனக்கு அது பிடிக்காது. பெண்ணை விற்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னது உள்ளே தைத்திருந்தது. நான் பட்டம் படித்தவள், அரசு வேலைக்காரி. அதனால் ஒரு பத்திரத்தை மொழிபெயர்க்கும்போது யோசிக்காமல் 'பெண் விலை' என்று எழுதினேன்.

நாராயணப்பா சார் பென்சிலைக் கீழே வைத்தார்.

இந்த முறை எனக்குத் தப்பு புரியவில்லை. சாப்பாட்டு நேரம் வரை பொறுத்திருந்துவிட்டு அவரே பேசினார். "வெல குடுத்து வாங்கினத இன்னொருத்தனுக்கு வித்துடலாம். தெர கட்டின பொண்ண விக்க முடியுமா? முடியாதில்ல. அப்ப அதுல வெல எங்கம்மா இருக்கு?"

பிறகு சொல்லின் வேருக்குப் போனார். கன்னடத்தில் தெறு என்றால் கட்ட வேண்டியதைக் கட்டுவது. ராஜாவுக்குக் கட்டும் வரிக்கும் அந்தக் காலத்தில் தெரதான் பெயர். சிற்றரசர்கள் பேரரசனுக்குத் திறை கட்டினார்கள் என்று தமிழில் படிக்கிறோமே, அந்தத் திறை இதோடு கூடப் பிறந்தது. தமிழில் பரிசம் என்கிறோம், சில பக்கம் பரியம். பரிசு என்பதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு, தொடுவதற்கான வடசொல்லிலிருந்து வந்தது என்கிறவர்களும் உண்டு. இப்போது பரிசம் போடுவது என்றால் நிச்சயதார்த்தம் என்றே ஆகிவிட்டது. தெலுங்கில் ஓலி. அதன் வேர் என்ன என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் பழந்தமிழில் இதற்கு இருந்த பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் 'முலைவிலை' என்று எழுதி என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னல் வழியாக சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க வெல இருக்கே சார்" என்றேன் விடாமல்.

"இருக்கு. ஆனா எதுக்கு வெலைன்னு பாத்தியா? பொண்ணுக்கில்ல" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வழக்குகளில் தெர ஏன் முக்கியம் என்றும் அவரே சொன்னார். அம்மாவின் பக்கத்துக் குடும்பங்களில் தெர கட்டினால் கல்யாணம். இருவருக்கும் ஒத்துவராவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பெண்ணின் அப்பா தெரவைத் திருப்பிக் கொடுப்பார். மாப்பிள்ளை வீட்டார் வாங்கிக்கொண்டால் கல்யாணம் தீர்ந்தது. அந்தப் பெண் இன்னொருவரைக் கட்டிக்கொள்ளலாம். அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நிரூபித்துவிட்டால் சட்டமும் ஏற்றுக்கொள்ளும். இதைத் தங்கத் தட்டில் வைத்துப் பேச நான் வரவில்லை. அப்பனால் தெரவைத் திருப்ப முடியாமல், அடி வாங்கிக்கொண்டே அந்த வீட்டில் கிடந்த பெண்களின் வாக்குமூலத்தையும் "நான், நான்" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

நாராயணப்பா சார் ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்துத்தான் மாதம்மாவின் வழக்கு வந்தது.

மாதம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் மலைக்கிராமத்தில் பிறந்தவள். சின்ன வயதில் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் வேறொருத்தியோடு போய்விட்டான். ஊர் கூடி, தெர திரும்பி, அந்தக் கல்யாணம் தீர்ந்தது. பிறகு ஓசூர்ப் பக்கம் வந்து ரோஜாப்பூப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். கிரானைட் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்த பசப்பாவைக் கோயிலில் கட்டிக்கொண்டாள். பதினோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை. ஒரு நாள் கல் பாளம் சரிந்து பசப்பா அங்கேயே போய்விட்டார்.

சாவு வீட்டில் பசப்பாவின் தம்பி குடும்பத்தார் அவளை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். "ஒம் புருஷன் அஞ்செட்டில உசுரோட இருக்கான். இங்க எவனுக்கு அழ வந்த?" என்று கேட்டார்கள். முகத்தைப் பார்க்கவிடவில்லை. ஒரு பிடி மண் போடவிடவில்லை. வாரிசுச் சான்றிலும் ஆட்சேபம் தெரிவித்தார்கள். அவள் சிவில் வழக்குப் போட்டாள், தான் பசப்பாவின் மனைவி என்று அறிவிக்கக் கோரி.

பட்டறையிலிருந்து வரவேண்டிய நஷ்டஈட்டைப் பற்றி அவளுடைய வக்கீல் பேச்செடுத்தால் கூடக் கையை ஆட்டிவிடுவாள். "அது கெடக்கட்டும் சாமி. நான் அவரு பொண்டாட்டின்னு மொதல்ல எழுதிக் குடுங்க." விசாரணை நடந்த இரண்டு வருஷமும் அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. கூண்டிலும் இல்லை, வெளியிலும் இல்லை. கல் மாதிரி இருக்கிறாளே என்று டைப்பிஸ்ட் கூடச் சொன்னாள்.

வழக்கில் கேள்வி ஒன்றுதான். முதல் கல்யாணம் தீர்ந்ததா, இல்லையா? தீர்ந்திருந்தால் மாதம்மா பசப்பாவின் மனைவி. தீரவில்லை என்றால் யாரோ.

அதைச் சொல்ல இருந்த ஒரே சாட்சி சிக்கண்ணா. அந்த ஊர்ப் பெரியவர், தெர திரும்பிய நாளில் நடுவில் உட்கார்ந்திருந்தவர். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கன்னடம் தவிர எதுவும் பேசமாட்டார். அவர் சொன்னதை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

அப்போது இருந்த நீதிபதி தென்மாவட்டத்துக்காரர், கண்டிப்பானவர் என்று பெயர். மெமோ கொடுப்பதில் தாராளம். ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார். சாட்சி கூண்டில் ஏறியதும் முதலில் காலைத்தான் பார்ப்பார். வயசான கால் நடுங்கினால் உடனே டவாலிச் சேவகரிடம் ஸ்டூல் போடச் சொல்வார். சாட்சி பேசும்போது எழுதமாட்டார். பேனா மூடியைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டே இருப்பார். நான் தமிழில் சொல்லி முடித்த பிறகுதான் மூடி கழலும். சிக்கண்ணாவுக்கும் ஸ்டூல் வந்தது.

முதல் விசாரணை சுகமாகப் போனது. தெர திரும்பியதா? திரும்பியது. யார் கொடுத்தார்? அவள் அப்பன். யார் வாங்கினார்? அவன் அண்ணன். நான் பார்த்தேன், என் கையால் வாங்கித்தான் கொடுத்தேன். எல்லாம் நல்லபடியாகச் சொன்னார். பிறகு பிரதிவாதி வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். இந்த மண்ணில் பிறந்தவர், எதைக் கேட்டால் என்ன வரும் என்று தெரிந்தவர்.

"தெர முழுசும் திரும்பிச்சா?"

"திரும்பிச்சு சாமி. ஹாலு சீரெ ஒண்ணுதான் வரல."

நான் தமிழில் சொன்னேன்: "திரும்பியது அய்யா. சேலை ஒன்றுதான் வரவில்லை."

வக்கீலின் முகம் மலர்ந்தது. "சேலை வரவில்லை, அப்படித்தானே?"

"வரல."

"வரவில்லை" என்றேன் தமிழில்.

"வேறு கேள்வி இல்லை அய்யா" என்று உட்கார்ந்துவிட்டார். சேலை பாக்கி என்றால் தெர முழுசாகத் திரும்பவில்லை, முதல் கல்யாணமும் தீரவில்லை.

கன்னடத்தில் ஹாலு என்றால் பால், சீரெ என்றால் சேலை. சிக்கண்ணா பால் சேலை என்றார். நான் சேலை என்றேன். கூட்டாதே, குறைக்காதே என்று முதல் நாள் படித்த பாடத்தில் குறைத்துவிட்டேன். நீதிபதியின் பேனா அதை எழுதிக்கொண்டிருந்தது. மாதம்மாவின் வக்கீல் மதுரைப் பக்கத்து இளைஞர், பையன் மாதிரி இருப்பார். அவருக்கு இந்த வழக்கம் எதுவும் தெரியாது. தாளைப் புரட்டிவிட்டு, "மறு விசாரணை இல்லை" என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு வாக்குமூலம் வாசித்துக் காட்டப்படும் என்று சொல்லிவிட்டு நீதிபதி எழுந்து போனார்.

தயிர்சாத டப்பாவைத் திறக்காமலே வராந்தாவுக்கு வந்தேன். வெளியே புங்கமரத்தடியில் மாதம்மாவும் சிக்கண்ணாவும் டப்பாவிலிருந்து களி உருண்டையைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாதம்மா எழுந்து நின்றாள்.

"பெரியவரு ஒண்ணு விடாம சொல்லிட்டாரு. நீங்களும் ஒண்ணு விடாம சொன்னீங்க அம்மா. எனக்கு இப்பத்தான் தைரியமா இருக்கு."

நான் ஏதோ தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பதிவறையில் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஏன் அந்தப் பாலை விட்டேன் என்று கேட்டுக்கொண்டேன். அவசரம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பொய். கோர்ட் நிறைய ஆண்கள், அவர்கள் முன்னால் தாய்ப்பால் கணக்குக்குச் சேலை வாங்கும் கூட்டம் என்று என் அம்மாவின் சனத்தைக் காட்ட என் வாய் கூசியது. அது அன்றைக்குப் புதிதாக வந்த கூச்சமும் இல்லை.

என் வீட்டுக்காரர் விருதுநகர்ப் பக்கம். ஓசூர்க் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து வந்தவர். நிச்சயத்துக்கு அவர்கள் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தோம். அம்மா என்னிடம் கன்னடத்தில் மெதுவாகக் கேட்டாள்: "ஹாலு சீரெ குடுப்பாங்களா, கேளேன்." என் மாமியாராகப் போகிறவர் ஆசையாக, "அம்மா என்ன சொல்றாக?" என்றார். நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "காப்பிக்குப் பால் போதுமான்னு கேக்கறாங்க" என்றேன். "தாராளமாப் போதும்னு சொல்லும்மா" என்று எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்குத் தமிழ் புரியும். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அன்று சேலையை விழுங்கினேன். இன்றைக்குப் பாலை.

இரண்டு மணிக்குக் கோர்ட் கூடியது. டைப் அடித்த வாக்குமூலத்தைச் சாட்சிக்கு அவருடைய மொழியில் வாசித்துக்காட்ட வேண்டும். சரி என்று அவர் ஒப்புக்கொண்டால் கைநாட்டு. அவ்வளவுதான், பிறகு அது கல்வெட்டு. நான் வாசித்துக்கொண்டே போனேன். சிக்கண்ணாவுக்குக் காது மந்தம். 'சீரெ' என்று மட்டும் வாசித்தாலும் தலையாட்டுவார். கன்னடத்தில் 'ஹாலு சீரெ' என்று சரியாக வாசித்துவிட்டு, தமிழ்த் தாளில் இருப்பதை அப்படியே விட்டாலும் யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போது பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

"என்னம்மா?" என்றார் நீதிபதி.

"அய்யா, இந்த இடத்தில் சாட்சி சொன்ன ஒரு சொல் மொழிபெயர்ப்பில் விட்டுப்போயிற்று. தவறு என்னுடையது."

"என்ன சொல்?"

"பால், அய்யா."

யாரோ சிரித்தார்கள். பிரதிவாதி வக்கீல் எழுந்துவிட்டார். "அய்யா, மொழிபெயர்ப்பாளரே இப்போது சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டார். இதைக் கடுமையாக ஆட்சேபிக்கிறேன்."

நீதிபதி அவர் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அவர் பால் சேலை என்றுதான் சொன்னாரா என்று கேளுங்கள்."

கேட்டேன். "ஆமா, பின்ன எந்தச் சேல?" என்றார் சிக்கண்ணா.

"அது என்ன சேலை, ஏன் திரும்பி வரவில்லை? கோர்ட் கேட்கிறது என்று கேளுங்கள். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

சிக்கண்ணாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. இதைக் கூடவா கேட்பார்கள் என்பதுபோல் என்னையும் நீதிபதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரித்துவிட்டார்.

"பால் குடிச்சாச்சே சாமி! அத எப்படித் திருப்பறது?"

நான் அதைச் சொன்னேன். பேனா மூடி கழலவில்லை. மேலே சொல்லட்டும் என்று கை காட்டினார்.

"தெர அப்பனுக்குக் கட்டறது. அது போன வழியிலேயே திரும்பி வரும். ஹாலு சீரெ பெத்தவளுக்கு. அவ ஊட்டின பாலுக்கு மாப்பிள வீட்டுக்காரங்க குனிஞ்சு வெக்கிறது. அத அவ உடுத்த மாட்டா. பொட்டியில மடிச்சு வெச்சிருப்பா. கல்யாணம் நெலச்சாலும் சரி, தீந்தாலும் சரி, அது அவளோடது. ஊருல யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க, கேட்டா காறித் துப்புவாங்க. அவ போறன்னைக்கு அதத்தான் மேல போத்துவோம். இந்தப் பொண்ணோட அம்மாவும் அதப் போத்திக்கிட்டுத்தான் மண்ணுக்குள்ள கெடக்கறா. நான்தான் போத்தி விட்டேன். யாருகிட்டப் போயித் திருப்பிக் கேக்கறது சாமி?"

வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 'போர்த்தி' என்ற சொல்லையே இரண்டு முறை சொன்னேன், வாக்கியம் மேலே போகவில்லை. அத்தனை வருஷத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் எனக்கு அப்படி ஆனதே இல்லை. அம்மா போய் அப்போது நாலு வருஷம். அவளுக்கு நான்தான் கடைக்குப் போய்ச் சேலை வாங்கிப் போர்த்தினேன். நல்ல பட்டு, அரக்கு நிறம். ஆனால் மகள் வாங்கினால் அது பால் சேலை ஆகாது. என்னைக் கட்டிக்கொண்டு போனவர்கள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவும் தயாராக இருந்த நல்ல மனுஷர்கள் அவர்கள். கேட்கத்தான் நான் விடவில்லை.

நீதிபதி டவாலிக்குச் சைகை காட்டினார். தண்ணீர் வந்தது. "நிதானமாகச் சொல்லுங்கள் அம்மா, நேரம் இருக்கிறது" என்றார். நான் குடித்து முடித்து, மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். அதன் பிறகுதான் பேனா மூடி கழன்றது. அவரே கைப்பட நெடுநேரம் எழுதினார். சிக்கண்ணா கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. மொழிபெயர்ப்பில் கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டு, ஒரே வரி. நானும் ஒரே வரியில் தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். அவர் பாராட்டவும் இல்லை, மெமோவை ரத்து செய்யவும் இல்லை. அந்தத் தடவை பட்டியலில் என் பெயர் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் வருத்தமெல்லாம் வேறு.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் காப்பிப் பால் கதையைச் சொன்னேன். கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்து முதல் தடவையாக. மனுஷர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். "கேட்டிருந்தா எங்கம்மா பத்துச் சேலை எடுத்திருப்பாளே. ஏம்புள்ள சொல்லல?" என்றார். நான் அந்தத் தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். இப்போதும் சேலைக் கடையில் மடிப்புக் கலையாத ஒரு சேலையை எடுத்து விரித்தால் அம்மாவின் முகம்தான் வருகிறது. ஒரே ஒரு தடவை, அந்தக் காப்பி நேரம் திரும்பக் கிடைத்தால் போதும். அவள் கேட்டதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுவேன். அம்மா எனக்கு வேண்டும் போலிருக்கிறது. இந்த வயதிலும்.

இப்போது யாரும் தெர கட்டுவதில்லை. அந்தக் குடும்பங்களிலேயே பெண் வீட்டார் காரும் நகையும் கொடுத்து அனுப்புகிறார்கள். தலைகீழாகப் போன பிறகு அதற்குப் பெயர் நாகரிகம். பெற்று வளர்த்தவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்வதற்குத்தான் தெர என்று பெயர். இதைக் கவிதாவின் அடிக்குறிப்பில் எழுத முடியாது.

சிக்கண்ணா சாட்சி சொல்லி இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஆணைப் பகுதியைத் தமிழில் வாசித்துவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. மாதம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வக்கீல் கை குலுக்க வந்ததற்கும் பயந்து பின்வாங்கினாள். வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன எழுதியிருக்காங்க அம்மா? எனக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

சான்று நகல் வர நாளாகும். ஆனால் அந்த வரி எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. முதல் கல்யாணம் வழக்கப்படி முழுமையாகத் தீர்ந்தது என்றும், வாதியான மாதம்மாள் காலஞ்சென்ற பசப்பாவின் சட்டப்படியான மனைவி என்றும் கோர்ட் அறிவித்திருப்பதைக் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னேன்.

"இனி யாரும் மாத்த முடியாதா?"

"நீங்க அவரு பொண்டாட்டி. எழுதியாச்சு."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். கடைசிப் படியில் உட்கார்ந்தாள். பிறகு நெஞ்சில் ஓங்கி ஓர் அறை அறைந்துகொண்டு குரலெடுத்தாள். சாவு வீட்டில் முதல் நாள் எழும் குரல் அது. நீ தூக்கிய கல்லே உன்னைத் தின்றதா, களி ஆறிப்போச்சே, கதவைத் திறந்து வைத்திருக்கிறேனே என்று கன்னடத்தில் ஒப்பாரி வைத்தாள். கோர்ட்டுக்கு வந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது.

வாசல் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். தேனிப் பக்கத்துக்காரர், வந்து ஒரு மாதம் கூட ஆகியிருக்காது.

"என்னம்மா இது, கோர்ட் வாசல்ல? கேஸு தோத்துருச்சா?"

"ஜெயிச்சிட்டாங்க."

"பெறகு யாரைக் கூப்பிட்டு இப்படி அழுகுது?"

"அவங்க வீட்டுக்காரரை" என்றேன்.